திரைத் துணையுரையில் பால்: இந்தியத் திருநர் குறும்படங்களின் மொழி வரலாறு

1. முன்னுரை

திரைப்பட வரலாறு எழுதுவோர் காட்சியையும் கதையையும் நடிப்பையும் ஆராய்வர். படத்தின் அடியில் தோன்றி மறையும் எழுத்து வரிகளை ஆராய்வது அரிது. சப்டைட்டில் எனப்படும் இத்திரைத் துணையுரை பொதுவாக 2 வரிகளுக்கு மேற்படாது; ஒரு வரி ஏறத்தாழ 40 எழுத்துகளில் அடங்கும்; சில நொடிகளே திரையில் நிற்கும். இச்சிறிய இடத்துக்குள் மொழிபெயர்ப்பாளர் செய்யும் தெரிவுகளுட் பல பார்ப்பவரின் கவனத்துக்கு வராமலே போகின்றன. திருநர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட படங்களில் அவ்வாறு போக இயலாது. ஒருவரை 'அவன்' என்பதா, 'அவள்' என்பதா, 'அவர்' என்பதா என்பதே அங்குக் குடும்பத்துக்குள்ளும் தெருவிலும் அலுவலகத்திலும் நடக்கும் வழக்காக இருக்கின்றது. அவ்வழக்கில் துணையுரை எழுதுபவர், தாம் விரும்பினும் விரும்பாவிடினும், ஒரு பக்கம் நின்று தீர்ப்பு எழுதிவிடுகின்றார்.

1990ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து இந்தியாவில் வெளிவந்த குறும்படங்கள், ஆவணப்படங்கள் ஆகியவற்றின் வளர்ச்சியை இம்மொழிச் சிக்கலின் வழியே காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். முழுநீளக் கதைப்படங்கள் தேவையான இடத்தில் மட்டும் சுட்டப்பெறுகின்றன. 'திருநர்' என்னும் சொல் பொதுப்பெயராகவும், 'திருநங்கை', 'திருநம்பி' என்பன முறையே பெண்ணாகவும் ஆணாகவும் தம்மை உணர்வோரைக் குறிக்கும் சிறப்புப் பெயர்களாகவும் ஆளப்படுகின்றன. ஆண், பெண் என்னும் இரண்டினுள் அடங்காதவர் என உணர்வோர் 'இருமை சாராதோர்' எனக் குறிக்கப்படுகின்றனர். ஹிஜ்ரா, கோத்தி முதலியன குறிப்பிட்ட குழு வாழ்வையும் வழக்கையும் சுட்டும் பெயர்களாதலின் மொழிபெயர்க்கப்படாமல் அவ்வாறே நிற்கின்றன.

2. இலக்கண மரபும் மொழிகளின் வேறுபாடும்

இச்சிக்கல் தமிழ் இலக்கணத்துக்குப் புதியதன்று. தொல்காப்பியம் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்து பெண்மை சுட்டி நிற்கும் உயர்திணைப் பெயரையும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரையும் ஒருங்கு வைத்து, இவற்றுக்குத் தமக்கென ஈறு இல்லை; உயர்திணையின் பிற பால்களுக்கு உரிய ஈறுகளாலேயே இவை பால் உணர்த்தும் என்று கூறுகின்றது. பின்னர் வரும் ஒரு நூற்பா, ஆண்மை திரிந்த பெயர் ஆண்பால் வினையோடு முடிதலை விலக்குகின்றது. உரையாசிரியர்கள் பெண்பால் ஒருமையிலும் பலர்பாலிலும் முடித்துக் காட்டுவர். பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த நன்னூல், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோர், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோர் என இருதிறத்தாரையும் கருதி, அவரவர் விழையும் பாலிலேயே அவர்களை வைக்கின்றது. கூடவே அஃறிணை முடிபுக்கும் இடம் தருகின்றது.

இவற்றுள் இரண்டு செய்திகள் நம் பொருளுக்கு உரியன. ஒன்று, பாலை உடலின் அடையாளமாகக் கொள்ளாமல் விழைவின் வழியும் கொள்ளலாம் என்னும் நிலை இலக்கண நூலுக்குள்ளேயே உள்ளமை. மற்றொன்று, நன்னூல் திறந்துவைத்த அஃறிணை வாயில். 'அது' என்று ஒரு மனிதரைச் சுட்டும் இழிவழக்குக்கு நன்னூலார் காரணர் ஆகார். எனினும் திணையே மாறக்கூடும் என்னும் அச்சம் தமிழ் பேசும் திருநரின் அன்றாட அனுபவமாக உள்ளது.

இந்திய மொழிகள் இவ்வகையில் ஒருதன்மையன அல்ல. தமிழிலும் கன்னடத்திலும் படர்க்கை வினை பால் காட்டும். தன்மை வினை காட்டாது. 'நான் வந்தேன்' என்று கூறுபவர் தம் பாலை வெளியிடுவதில்லை. மலையாளத்தில் சுட்டுப்பெயர்கள் பால் காட்டினும் வினைமுற்று பால் காட்டாது. தெலுங்கில் பெண்பால் ஒருமை வினையும் அஃறிணை ஒருமை வினையும் ஒரே வடிவின. வங்காளத்தில் சுட்டுப்பெயரிலும் பால் இல்லை, வினையிலும் இல்லை. இந்தியோ தன்மையிலேயே பால் காட்டும் மொழி: 'நான் போகிறேன்' என்பதை ஆண் 'மைன் ஜாதா ஹூன்' என்றும், பெண் 'மைன் ஜாதீ ஹூன்' என்றும் கூற வேண்டும். ஆகவே ஒரே வாக்கியம் மதுரையில் மறைப்பதைத் தில்லி வெளிப்படுத்துகின்றது; கொல்கத்தா கேட்பதே இல்லை. இவை அனைத்தும் ஆங்கிலத் துணையுரைக்குச் செல்லும்போது 'ஹி', 'ஷி' என்னும் இரண்டு சொற்களுக்குள் நெருக்கப்படுகின்றன.

3. முதற்கட்டம்: வெளியார் குரல் (1990–2000)

1990ஐ ஒட்டி பிரேம் கல்லியத் இயக்கிய 'ஜரீனா' என்னும் குறு ஆவணப்படம் பெங்களூரு ஹிஜ்ராக்களின் வாழ்வைக் காட்டிய தொடக்க முயற்சிகளுள் ஒன்று. 1991இல் பிரித்தானியரான மைக்கேல் யார்க் இயக்கிய ஆவணப்படம் வெளிவந்தது. அதன் தலைப்பு ஹிஜ்ராக்களை 'யூனக்ஸ்' என்றும் இந்தியாவின் மூன்றாம் பால் என்றும் சுட்டுகின்றது. 'யூனக்' என்பது நெடிய வரலாறு உடைய சொல். 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம் தன் இரண்டாம் பகுதியில் இச்சொல்லால் ஹிஜ்ராக்களைக் குறித்து, அவர்களைப் பதிவேட்டில் ஏற்றவும் கண்காணிக்கவும் வழிசெய்தது. ஆண்மை நீக்கப்பட்டவர் என்னும் பொருளே அச்சொல்லின் உட்கிடை. அது பெண்மையைப் பற்றியோ உறவுமுறையைப் பற்றியோ ஒன்றும் கூறுவதில்லை. ஆட்சியாளர் சொல் ஒன்று நூற்றாண்டு கடந்தும் ஒரு படத்தின் தலைப்பாக நிலைத்ததை மொழிபெயர்ப்பு வரலாற்றின் ஒரு பாடமாகக் கொள்ளலாம்.

இக்காலப் பகுதியில் வெளிவந்த பிற படங்களுள் இரண்டு குறிப்பிடத்தக்கன. ரியாத் வாடியா 1996இல் இயக்கிய 'பாம்கே' என்னும் குறும்படம் ஆர். ராஜ ராவின் கவிதைகளை அடிப்படையாகக் கொண்டது. அது திருநர் வாழ்வைப் பற்றியதன்று, ஒருபாலீர்ப்பைப் பற்றியது. எனினும் இந்தியாவில் இத்தகைய பொருளைக் குறும்பட வடிவில், தன்கூற்றாகப் பேசலாம் என்பதற்கு அது முன்மாதிரி ஆயிற்று. 1999இல் நவீன் கிஷோர் இயக்கிய ஆவணப்படம், வங்க யாத்ரா மேடையில் பெண் வேடம் தாங்கிப் புகழ்பெற்ற சபல் பாதுரியைப் பற்றியது. யாத்ராவில் பெண் நடிகையர் வந்தபின் வாய்ப்பிழந்து, சீதளா தேவியாக வேடம் புனைந்து வாழ்ந்த அக்கலைஞரைச் சுட்ட வங்காளத்தில் பால் கூற வேண்டிய தேவையே எழுவதில்லை. மேடையில் அரசியும் தேவியுமாக நின்றவரையும் மேடையிலிருந்து இறங்கியவரையும் வங்காளத்தின் ஒரே சுட்டுப்பெயர் தழுவிக்கொள்ளும். ஆங்கிலத்தில் எழுதுபவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் வேடமா ஆளா என்று முடிவு செய்தாக வேண்டும். 2010இல் கௌஷிக் கங்கூலி இயக்கிய 'ஆரேக்டி பிரேமேர் கல்போ' என்னும் கதைப்படம், சபல் பாதுரியைப் பற்றி ஆவணப்படம் எடுப்பதையே கதையாகக் கொண்டது. சபல் பாதுரியும் ரிதுபர்ண கோஷும் அதில் நடித்தனர். ஆவணப்படம் ஒருவரை எச்சொல்லால் சுட்டுகின்றது என்னும் வினா அங்குக் கதைப்பொருளாகவே வளர்ந்தது.

இதே பத்தாண்டில் மொழியியலார் இத்துறையில் ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டனர். கீரா ஹால், வெரோனிகா ஒடொனோவன் ஆகியோர் காசியில் இந்தி பேசும் ஹிஜ்ராக்களின் பேச்சை ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட கட்டுரையில், அவர்கள் பெண்பாலை மட்டும் ஒருசீராகப் பயன்படுத்துவதில்லை என்று காட்டினர். நெருக்கத்தையும் தோழமையையும் காட்டப் பெண்பால் வடிவமும், விலகலையும் அதிகாரத்தையும் காட்ட ஆண்பால் வடிவமும் சூழலுக்கேற்ப வருகின்றன. இம்முடிவு துணையுரை எழுதுவோருக்கு நேரடியாகப் பயன்படுவது. பேச்சில் பால் மாறுவதைப் பேசுபவரின் தடுமாற்றமாகக் கருதி, ஒருசீராகத் திருத்திவிடும் மொழிபெயர்ப்பாளர் ஓர் இலக்கண ஒழுங்கை அழித்துவிடுகின்றார் என்பது இதனாற் பெறப்படும்.

4. இரண்டாம் கட்டம்: தன்கூற்றின் எழுச்சி (2000–2013)

எண்முறை ஒளிப்பதிவுக் கருவிகள் மலிவானபோது, சிறு குழுக்களும் தனியாட்களும் படம் எடுக்க முடிந்தது. 2003இல் ஸ்ரீதர் ரங்காயன் இயக்கிய 'குலாபி ஆயினா' 40 நிமிடக் கதைப்படம். பெண் உடையும் ஒப்பனையும் விரும்பும் இருவரது வீட்டுக்குள் நிகழும் போட்டியையும் பரிவையும் காட்டுவது. தணிக்கைக் குழு அதற்குச் சான்றிதழ் மறுத்தது. பொதுத் திரையிடலுக்குச் சான்றிதழ் வேண்டும் என 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் வகுத்திருத்தலின், அப்படம் உள்நாட்டில் திரையரங்குக்கு வர இயலாமல் வெளிநாட்டு விழாக்களிலேயே பெரிதும் காணப்பட்டது. இதன் விளைவை மொழிநோக்கிலும் காண வேண்டும். மும்பையின் இந்தியும் ஆங்கிலமும் கலந்த, குத்தலும் கொஞ்சலும் நிறைந்த ஒரு பேச்சு, அப்பேச்சை நேரே கேட்டு உணரக்கூடியவர்களைக் காட்டிலும் துணையுரை வழியே படித்தவர்களிடமே மிகுதியாகச் சென்றது. இந்தியாவில் இத்தகைய படங்களுக்கு நிலையான மேடையாக 'காஷிஷ்' திரைப்பட விழா 2010இல் மும்பையில் தொடங்கியது.

தமிழ்நாட்டைக் களமாகக் கொண்ட படங்களுள் அஞ்சலி மொந்தைரோ, கே. பி. ஜெயசங்கர் ஆகியோர் 2007இல் உருவாக்கிய 'அவர் ஃபேமிலி' தனிச்சிறப்புடையது. 'எங்கள் குடும்பம்' எனப் பொருள்படும் தலைப்புக் கொண்ட அவ்வாவணப்படம், தத்தெடுப்பு முறையால் பாட்டி, தாய், மகள் என அமைந்த மூன்று தலைமுறைத் திருநங்கையரின் வாழ்வையும், பிரீதம் சக்கரவர்த்தி தனியாளாக நிகழ்த்திய 'நிர்வாணம்' என்னும் நிகழ்வையும் பின்னிச் செல்வது. மும்பையையும் ஐதராபாத்தையும் பற்றிய எழுத்துகளில் குரு–சேலா உறவே முதன்மையாகப் பேசப்படுகின்றது. தமிழ்நாட்டிலோ அதனோடு தாய்–மகள் உறவும் வலுப்பெற்று விளங்குகின்றது. 'அம்மா', 'மகள்' என்னும் சொற்களுக்கு மேற்கோள் குறியிட்டோ 'வளர்ப்பு' என்னும் அடைமொழி சேர்த்தோ துணையுரை அமைப்பின், பேசுபவர் மெய்யாகக் கொண்டதை மொழிபெயர்ப்பாளர் பொய்யெனக் குறிப்பதாக முடியும். உறவுப்பெயரை உறவுப்பெயராகவே தருதல் இங்கு முதல் நெறியாகும்.

'நிர்வாணம்' என்னும் சொல்லும் கருதத்தக்கது. பொதுத்தமிழில் ஆடையின்மையையும், சமயவழக்கில் வீடுபேற்றையும் குறிக்கும் இச்சொல், திருநங்கையர் வழக்கில் ஆணுறுப்பை நீக்கும் சடங்கையும் அறுவையையும் குறிக்கின்றது. அறுவை எனப் பெயர்த்தால் அதன் சமயப் பொருள் போகின்றது. வீடுபேறு எனப் பெயர்த்தால் குருதியும் வலியும் போகின்றன. சொல்லை அவ்வாறே நிறுத்தி, பொருளைக் காட்சியும் சூழலும் உணர்த்துமாறு விடுவதே தக்கது.

இதே காலத்தில் தமிழ்ப் பெயர்களும் மாறின. பேடி, அலி என்னும் பழம்பெயர்களுள் 'அலி' வசைச்சொல்லாகத் தேய்ந்திருந்தது. கூவாகத்தில் சித்திரை மாதம் நிகழும் கூத்தாண்டவர் விழாவில் அரவானை மணந்து மறுநாள் தாலி அறுக்கும் வழக்கத்தை ஒட்டி 'அரவாணி' என்னும் பெயர் 1990களில் பரவியது. தமிழக அரசு 2008இல் நல வாரியம் அமைத்தபோதும் அரவாணிகள் என்னும் பெயரே வழங்கியது. பின்னர்த் 'திருநங்கை' என்னும் சொல் அரசு வழக்கிலும் இதழ்களிலும் நிலைபெற்றது. அரவாணி என்பது ஒரு தொன்மத்தையும் ஒரு விழாவையும் சார்ந்தது, கைம்மையோடு முடிவது. கூவாகத்துக்குச் செல்லாதவரையும், வேறு சமயத்தவரையும், திருநம்பியரையும் அது தழுவாது. இப்பெயர் மாற்றங்கள் படங்களின் காலத்தைக் காட்டும் அடையாளங்களாகவும் உள்ளன. 2005இல் பேசியவர் 'அரவாணி' என்று தம்மைக் கூறியிருக்க, இன்று துணையுரையைப் புதுப்பிப்பவர் அதனைத் 'திருநங்கை' என மாற்றுவது காலவழுவாகும்; படத்தை அறிமுகப்படுத்தும் குறிப்பில் பழைய சொல்லை விளக்கமின்றி ஆளுவதும் பிழையாகும். பேசியவர் சொல் ஒன்று, அவரைப் பற்றி இன்று எழுதுபவர் சொல் மற்றொன்று எனப் பிரித்துக்கொள்ளுதல் வேண்டும்.

நூல்களும் இக்கட்டத்தில் வெளிவந்து படங்களுக்கு மொழி வழங்கின. லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு 2007இல் தமிழில் வந்தது. ரேவதி தமிழில் எழுதிய தன்வரலாறு வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பாக 2010இல் முதலில் வெளியாகி, அதன்பின் 2011இல் 'வெள்ளை மொழி' என்னும் பெயரில் தமிழில் நூலாயிற்று. மூலத்துக்கு முன் மொழிபெயர்ப்பு வாசகரை அடைந்த இந்நிகழ்ச்சி, தமிழ்த் திருநங்கை ஒருவரின் குரலை ஏற்கத் தமிழ்ப் பதிப்புலகைக் காட்டிலும் ஆங்கிலப் பதிப்புலகம் முன்னதாக ஆயத்தமாக இருந்தமையைக் காட்டுகின்றது எனலாம்.

5. மூன்றாம் கட்டம்: உரிமையும் சுட்டுப்பெயரும் (2014 முதல்)

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் வழக்கில் அளித்த தீர்ப்பு, ஒருவர் தம் பாலினத்தைத் தாமே உணர்ந்து கூறும் உரிமையை ஏற்றது. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019இல் இயற்றப்பட்டது. இதன்பின் வந்த படங்களில் 'இவர் யார்' என்னும் வினா பின்னடைந்து, 'இவருக்கு வீடு, வேலை, பயணம் ஏன் மறுக்கப்படுகின்றன' என்னும் வினா முன்வந்தது.

வித்யாவின் நூலை அடிப்படையாகக் கொண்டு பி. எஸ். லிங்கதேவரு இயக்கிய கன்னடப் படம் 2015இல் வெளியாயிற்று. அதில் நடித்த சஞ்சாரி விஜய் 2014ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகர் தேசிய விருதைப் பெற்றார். அது முழுநீளப் படமாயினும் அதன் தலைப்பு நம் ஆய்வுக்கு உரியது. தமிழ் நூலின் தலைப்பு வித்யா என்னும் இயற்பெயரைக் கொண்டது. கன்னடத் தலைப்போ 'நானு அவனல்ல அவளு', அதாவது நான் அவன் அல்லேன், அவள் என்பது. தன்மை பால் காட்டாது, படர்க்கை காட்டும் என்னும் திராவிட மொழி இலக்கணமே அத்தலைப்பின் உயிர். 'நான்' என்பதில் ஒளிந்திருக்கும் பாலை அவ்விரு சுட்டுப்பெயர்களும் வெளிக்கொணர்கின்றன. பிறர் தம்மைப் பற்றிப் பேசும் சொற்களையே எடுத்துத் தம்மைப் பற்றிப் பேசும் இவ்வாக்கியத்தை இந்தியில் அமைத்தால், 'வஹ்' என்னும் சுட்டு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாதலின், எதிர்மறையே நில்லாது போகும்.

லீனா மணிமேகலை 2017இல் இயக்கிய 'இஸ் இட் டூ மச் டு ஆஸ்க்' என்னும் குறு ஆவணப்படம், நாடகக் கலைஞர்களான லிவிங் ஸ்மைல் வித்யா, ஏஞ்சல் கிளாடி ஆகிய இருவர் சென்னையில் வாடகை வீடு தேடுவதைக் காட்டுகின்றது. வீடு தேடுதல் என்னும் சிறு நிகழ்ச்சியே படத்தின் முழுப்பொருளாக அமைந்தமை இக்கட்டத்தின் இயல்பு. 2018இல் மிதாலி திரிவேதி, ககன்தீப் சிங் ஆகியோர் உருவாக்கிய 'பிளீஸ் மைண்ட் த கேப்' தில்லி மெட்ரோ இரயிலில் பயணம் செய்யும் திருநம்பி ஒருவரைப் பற்றியது. ஆண், பெண் எனப் பிரிந்த பாதுகாப்புச் சோதனை வரிசையும் மகளிர் பெட்டியும் ஒருவரை நாள்தோறும் பால் கூறுமாறு கேட்பதை, இந்தி இலக்கணம் வினைதோறும் பால் கேட்பதோடு ஒப்பிட்டு எண்ணத் தோன்றுகின்றது. திருநம்பியரைப் பற்றிய படங்கள் திருநங்கையரைப் பற்றியனவற்றினும் மிகக் குறைவு என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

சுதா கொங்கரா இயக்கிய 'தங்கம்' 2020 டிசம்பரில் 'பாவக் கதைகள்' தொகுப்பில் வந்த குறும்படம். 1981ஆம் ஆண்டில் கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் வாழும் சத்தார் என்னும் பாத்திரத்தின் கதை. 'தங்கம்' என்னும் விளிச்சொல் தமிழில் மகனுக்கும் மகளுக்கும் காதலுக்குரியவர்க்கும் பொதுவானது, பால் கேளாதது. சுட்டுப்பெயர்கள் ஒருவரைப் பிரித்து நிறுத்தும் ஊரில், விளிப்பெயர் அவ்வாறு பிரிப்பதில்லை. தமிழின் இவ்வளம் மொழிபெயர்ப்பாளர் கைக்கொள்ளத்தக்கது. ஃபராஸ் ஆரிஃப் அன்சாரி இயக்கிய 'ஷீர் குர்மா' 2021இல் விழாக்களில் திரையிடப்பட்டது. இஸ்லாமியக் குடும்பம் ஒன்றில் இருமை சாராத ஒருவருக்கும் அவர் விரும்பும் பெண்ணுக்கும் இடையிலான உறவையும், தாயின் ஏற்பு மறுப்பையும் பேசுவது. திருநரினும் இருமை சாராதோர்க்கு இந்தியக் குறும்படங்களில் இடம் மிக அண்மையிலேயே கிட்டியது என்பதற்கு இது சான்று.

6. துணையுரையின் மூன்று சிக்கல்கள்

6.1. 'அவர்'. தமிழின் 'அவர்' பால் காட்டாத மதிப்புச் சொல். இருமை சாராதோர்க்குத் தமிழ் புதுச்சொல் படைக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று இதனாற் கூறுவர். இக்கூற்று ஓரளவே பொருந்தும். மதிப்பு விலகலையும் தரும். தாய் தன் பிள்ளையை 'அவர்' என்று சுட்டுவதில்லை. தோழர் தோழரை அவ்வாறு அழைப்பதில்லை. நெருக்கமும் வேண்டும், பாலும் கூடாது என்னும்போது சுட்டுப்பெயரை விலக்கி இயற்பெயரையோ, 'பிள்ளை', 'தங்கம்', 'கண்ணு' போன்ற பொதுச்சொல்லையோ பயன்படுத்துதல் தமிழின் இயல்பான வழி. ஆங்கிலத்துக்குச் செல்லும்போது இச்சிக்கல் தலைகீழாகின்றது. அதிகாரி ஒருவர் திருநங்கையைச் சுட்டி 'அவர்' என்பதை ஆங்கிலத்தில் 'ஷி' என்றாக்கினால், அதிகாரி அவரைப் பெண்ணாக ஏற்றதாகப் பொருள்படும். உண்மையில் அவர் பால் கூறுவதைத் தவிர்க்கவே அச்சொல்லைத் தெரிந்திருக்கலாம்.

6.2. 'அது'. ஒருவரைச் சிறுமைப்படுத்த 'அது' என்பதும், அன்பால் 'அது' என்பதும் தமிழில் உள்ளன. சென்னையிலும் வட மாவட்டங்களிலும் 'அக்கா சொல்லுச்சு', 'அம்மா வருது' எனப் பெண் உறவினரை அஃறிணை வினையாற் கூறுவது இயல்பான, மதிப்புக் குறையாத வழக்கு. ஆகவே திருநங்கை ஒருவரைத் தங்கை 'அது வந்துச்சு' என்பதும், வழிப்போக்கர் 'அது வந்துச்சு' என்பதும் வடிவத்தால் ஒன்றாயினும் பொருளால் மாறானவை. தங்கையின் கூற்று அவரை அக்காவாக ஏற்றதற்கே சான்றாகலாம். ஆங்கிலத்தில் இரண்டையும் 'இட்' எனப் பெயர்த்தால் தங்கை கொடியவளாகிவிடுவாள். இரண்டையும் 'ஷி' எனப் பெயர்த்தால் வழிப்போக்கரின் வன்சொல் மறைந்துவிடும். தெலுங்குக்குப் பெயர்க்கும்போது வினைமுற்றுக்குள் இவ்விழிவு தங்குவதே இல்லை. பெண்ணுக்கும் அஃறிணைக்கும் வினை ஒன்றாதலின், இழிவைச் சுட்டுப்பெயராலோ வேறு சொல்லாலோ காட்ட வேண்டும். பேசுபவர் யார், எவ்வட்டாரத்தார், எவ்வுறவினர் என்பதை அறியாது இச்சொல்லைத் தொடுதல் ஆகாது.

6.3. தன்மை வினை. தமிழ்ப் படத்துக்கு இந்தித் துணையுரை எழுதுபவர், தமிழர் கூறாத பாலை ஒவ்வொரு வாக்கியத்திலும் கூற நேர்கின்றது. திருநங்கை ஒருவர் தம் சிறுவப் பருவத்தைக் கூறுமிடத்து 'நான் பள்ளிக்குப் போனேன்' என்பதற்கு இந்தியில் ஆண்பால் இடுவதா, பெண்பால் இடுவதா? பேசுபவரையே கேட்டறிதல் சிறந்தது. அதற்கு வாய்ப்பில்லையெனில் இந்தி இலக்கணத்துக்குள்ளேயே சில ஒதுங்கிடங்கள் உள்ளன. 'நே' உருபு ஏற்ற இறந்தகால வாக்கியத்தில் வினை செயப்படுபொருளோடு இயைதலின், 'நான் பாடம் படித்தேன்' போன்ற கூற்றுகள் எழுவாயின் பாலை வெளியிடா. 'ஹம்' என்னும் பன்மையில் பேசுவது கிழக்கத்திய இந்தி வழக்கில் பெண்களிடமும் காணப்படுவது. எனினும் இவை எல்லா இடத்துக்கும் போதா. நீண்ட உரையாடலில் செயற்கையாகத் தோன்றும்.

சுட்டு மாறும் இடங்களே பல படங்களின் உயிர்நாடி. எடுத்துக்காட்டாக ஒரு தாயின் கூற்றைக் கற்பித்துக்கொள்வோம்: 'அவன் சின்ன வயசுல நல்லாப் படிப்பான். வீட்ட விட்டுப் போயிட்டான். இப்ப மாசாமாசம் அவதான் பணம் அனுப்புறா.' இம்மூன்று வாக்கியங்களில் ஒரு மகன் மகளாகின்றான். தாய் அதனை அறிவித்துச் செய்யவில்லை. நன்மனத்தோடு எல்லாவற்றையும் 'ஷி' எனச் சீர்ப்படுத்தும் மொழிபெயர்ப்பாளர் திருநங்கைக்கு மதிப்பளித்ததாகக் கருதலாம். ஆனால் பல ஆண்டுக்குப் பின் அத்தாய் கடந்துவந்த தொலைவு அதனால் அழிந்துபோகின்றது. படம் எடுத்தவர் தம் சொல்லில் எழுதும் குறிப்பில் திருநங்கை விரும்பும் சுட்டையே ஆள வேண்டும்; பிறர் கூற்றை மொழிபெயர்க்கும்போது அவர்கள் ஆண்ட சுட்டையே, மாற்றங்களோடு, தர வேண்டும். இவ்விரண்டையும் குழப்புவதே இத்துறையில் நிகழும் பிழைகளுக்கு முதற்காரணம்.

7. மறைமொழியும் இசைவும்

தமிழ்நாட்டுத் திருநங்கையர் தமக்குள் பேசும் மறைமொழியைக் 'கவுடி' என்பர். வடநாட்டில் 'ஹிஜ்ரா ஃபார்சி' எனப்படும் வழக்கு பெயரளவில் பாரசீகமாயினும், இலக்கண அமைப்பில் இந்தியை ஒட்டியது. சொற்களே தனித்தன்மை உடையன. ஆணைக் குறிக்கும் 'பந்தி', பெண்ணுடையைக் குறிக்கும் 'சாட்லா', மூத்தோரை வணங்கும் 'பாம்படுத்தி' முதலிய சொற்கள் தமிழ்ப் பேச்சினுள்ளும் வழங்குகின்றன. 'கடை கேட்டல்' என்னும் தமிழ்த் தொடரும் கடைதோறும் சென்று காசு பெறுதல் என்னும் தனிப்பொருளில் நிற்கின்றது.

இச்சொற்கள் காவலரிடமிருந்தும் வன்முறையாளரிடமிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ளப் பயன்படுவன. படத்தில் ஒருவர் மற்றொருவரை மறைமொழியில் எச்சரிக்கும்போது, அதனைத் துணையுரை பெயர்த்துவிட்டால், மறைக்கப்படவேண்டியவர்க்கே மறைபொருள் தெரிந்துவிடும். மொழியியலார் சொற்றொகை திரட்டும் ஆர்வத்தில் இதனை மறத்தல் கூடாது. தன்வரலாறுகளில் ஆசிரியர்கள் தாமே விளக்கி வெளியிட்ட சொற்களுக்குப் பொருள் தருவதில் தடையில்லை. பிற சொற்களைப் பெயர்க்காது ஒலிபெயர்த்து நிறுத்துதலும், வேற்றுமொழி பேசப்படுகின்றது என்று மட்டும் குறித்தலும் மொழிபெயர்ப்புக் குறையாகா.

8. முடிவுரை

வெளியார் விளக்கவுரையில் தொடங்கிய இப்படங்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வளர்ச்சியில் தன்கூற்றுக்கு வந்து சேர்ந்துள்ளன. பெயர்கள் மாறின; சட்டம் மாறியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டலை அடுத்து, இத்துறைச் சொற்களுக்கான தமிழ்க் கலைச்சொற்பட்டியலை 2022 ஆகஸ்டில் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்டது. பொதுப்பெயர்கள் நிலைபெறுவதற்கு அது துணைபுரியும். துணையுரையின் சிக்கலோ கலைச்சொல்லில் அன்று, 'அவன்', 'அவள்', 'அவர்', 'அது' என்னும் மிக எளிய சொற்களில் உள்ளது. அவற்றைப் பட்டியலால் தீர்த்தல் இயலாது.

செயற்பாட்டுக்கு மூன்று பரிந்துரைகள் கூறலாம். துணையுரை எழுதுமுன், படத்தில் வரும் ஒவ்வொருவரும் தம்மை எவ்வாறு சுட்ட விரும்புகின்றனர், யார் அவரை எவ்வாறு சுட்டுகின்றனர் என்னும் குறிப்பைப் படக்குழு மொழிபெயர்ப்பாளர்க்கு வழங்குதல். ஆங்கிலத் துணையுரையை வைத்துப் பிற இந்திய மொழிகளுக்குப் பெயர்க்காது, மூலப் பேச்சிலிருந்தே பெயர்த்தல். தமிழிலிருந்து தெலுங்குக்கோ வங்காளத்துக்கோ செல்லும் வழியில் ஆங்கிலத்தின் இருபாற் சுட்டு ஒரு தேவையற்ற சுங்கச்சாவடியாகும். முடிந்த துணையுரையைப் பேசியவர்களுக்கே படித்துக் காட்டி அவர்தம் இசைவு பெறுதல்.

வித்யா, கிளாடி முதலியோர் தொடங்கிய நாடகக் குழுவின் பெயர் 'பன்மை'. இலக்கணம் கற்றவர்க்கு அது எண்ணைக் குறிக்கும் சொல். அவர்களுக்கு அது பலவாறாக வாழும் உரிமையைக் குறிக்கும் சொல். பலர்பால் வினையாலும் முடியலாம் என இலக்கண மரபு அன்று விட்டுவைத்த இடத்தில் இன்று சிலர் நின்று பேசுகின்றனர். அவர்கள் கூறுவதைக் கூறியவாறே 2 வரிகளில் எழுதுவது மொழிபெயர்ப்பாளரின் கடமை.